சாட்சிக்கு ஒரு மாமியார்

மாப்பிள்ளையின் வாய்க்குள் எட்டிப் பார்க்கிற வேலை எந்த மாமியாருக்கும் வாய்த்திருக்காது. கண்டக்டரம்மாவுக்கு வாய்த்தது. அதுவும் வாரம் தவறாமல், புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒரு டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

டாக்டர் இருந்தது நான்கு மணி நேர பஸ் பயணத்துக்கு அப்பால், முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரியில். இங்கே சாப்பாட்டு மேஜையில், சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்த சின்னத் திரையில் அவர் முகம் மட்டும் தெரியும். இளம் பெண்; முப்பது வயது இருக்கலாம். "மாத்திரையை வெச்சிட்டாராம்மா? நாக்கைத் தூக்கச் சொல்லி ஒரு தடவை பார்த்துடுங்க" என்பார். மாப்பிள்ளை வாயைத் திறந்து நாக்கை மடிப்பார். கண்டக்டரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிவாள். நாக்குக்கு அடியில் அந்த ஆரஞ்சு நிறப் பொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும். "இருக்குங்க டாக்டர்" என்பாள்.

முதல் நாள் இருவருக்குமே கூச்சம் பிடுங்கித் தின்றது. பத்து வருஷமாக 'வாங்க, சாப்பிடுங்க, போயிட்டு வாங்க' என்பதைத் தாண்டிப் பேச்சில்லாத உறவு. மாப்பிள்ளைதான் நிலைமையைச் சமாளித்தார்.

"பல்லு விளக்கிட்டுதான் உட்கார்ந்திருக்கேன் அத்தை. பயப்படாம பாருங்க."

"பொண்ணு குடுக்கும்போதே பல்லைப் பிடிச்சுப் பார்த்திருக்கணும். அப்ப விட்டுட்டேன், இப்ப பார்க்கறேன்" என்றாள் அவள். திரைக்குள்ளிருந்து டாக்டரும் சிரித்துவிட்டார்.

கண்டக்டரம்மா இருபத்தேழு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவள் கண்டக்டரம்மாதான். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகள். பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். காலை ஆறுக்குப் போனால் மாலை நாலரைக்குத்தான் திரும்புவாள். குழந்தை இல்லை. பகல் முழுவதும் புருஷனைத் தனியாக விட்டுப் போக முடியாது என்ற நிலை வந்தபோது மகள் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளை ராணுவத்தில் கனரக லாரி ஓட்டியவர். ஒன்பது வருஷம். கடைசி வருஷத்தில், வரிசையாகப் போன லாரிகளில் இவருக்கு முன்னால் போனது கண்ணிவெடியில் சிக்கியது; இவருடையது கவிழ்ந்தது. முன்னால் போனவர்கள் யாரும் பிழைக்கவில்லை. இவருக்கு முதுகெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. ஆபரேஷன் செய்து, வலி தெரியாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். வலி போகவில்லை, மாத்திரை மட்டும் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டது. டாக்டர்கள் குறைத்தபோது வெளியில் தேடினார். பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டில் யார் முகத்திலும் ரத்தமில்லை. அதன்பின் ஒருநாள் அவரே, "என்னை எங்கயாவது கொண்டுபோய்ச் சேர்த்துடு" என்று மனைவியிடம் சொன்னார். அப்படித் தொடங்கியதுதான் இந்த ஆரஞ்சு மாத்திரை. பழைய மாத்திரைக்கான வெறியை இது அடக்கிவைக்கும். நாக்குக்கு அடியில் பத்து நிமிஷம் வைத்துக் கரைய விட வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம், ஆனால் தினமும், தவறாமல்.

முதல் ஒரு வருஷம் நேரில்தான் போனார். வாரம் ஒருமுறை பஸ். முதுகு உட்கார விடாது. பாதி வழி நின்றுகொண்டே போவார். அங்கே நீளமான தாழ்வாரத்தில் பெஞ்சுகள், வரிசை, சிறுநீர்ச் சோதனை, பிறகு டாக்டர். கூடவே இவரைப் போன்ற இருபது முப்பது ஆண்கள். போய்வந்தால் மூன்று நாள் படுக்கை. நாலாவது நாள் எழுந்து நடமாடும்போதே அடுத்த பயணம் வந்து நிற்கும். இரண்டு முறை போக முடியாமல் விட்டார். அந்த இரண்டு முறையும் வீடு நடுங்கிப்போனது. அதனால்தான், இனி வீட்டிலிருந்தபடியே திரையில் பார்த்துக்கொள்ளலாம், மருந்து கூரியரில் வந்துவிடும், வீட்டில் ஒருவர் சாட்சிக்கு இருந்தால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, மகள் போனைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டாள்.

ஐந்து மாதம் நன்றாகத்தான் போயிற்று. மாப்பிள்ளைக்கு உடம்பு தேறியது. ஒழுகிக்கொண்டிருந்த குழாய்களை எல்லாம் கழற்றி மாட்டினார். புதன்கிழமை மாத்திரை கரைகிறவரை வாய் திறக்க முடியாமல், துண்டுத்தாளில் எழுதிக் காட்டி மாமியாரைச் சிரிக்க வைப்பார்.

ஆறாவது மாதம் கண்டக்டரம்மாவுக்கு ஏதோ இடித்தது.

டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, பிடரியே காட்டிக்கொடுக்கும் என்பாள் அவள். டாக்டருக்குத் தெரிவது மாப்பிள்ளையின் நெஞ்சுக்கு மேலே. சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட காலர், சுறுசுறுப்பான பேச்சு. மேஜைக்குக் கீழே தெரிவது கண்டக்டரம்மாவுக்குத்தான்: நிற்காமல் ஆடும் முழங்கால், தொடையைக் கிள்ளும் விரல்கள். திரை அணைந்த மறுநிமிஷம் வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவர் மாதிரி குளியலறைக்கு ஓடுவார். குழாய் ஓடும் சத்தம் கேட்கும். துண்டுத்தாளில் எழுதிக் காட்டுவது நின்றுபோய் ஒரு மாதமாயிற்று என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஒருநாள் துணி காயப்போட வீட்டுக்குப் பின்னால் போனபோது, குளியலறை ஜன்னலின் வெளிவிளிம்பில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது. மாப்பிள்ளை கண்ணாடி போடுகிறவர் இல்லை. திறந்தாள். உள்ளே மெல்லிய காகிதம் விரித்து, அதன்மேல் பாதி கரைந்து காய்ந்த ஆரஞ்சு மாத்திரைகள். சப்பித் துப்பிய மிட்டாய் மாதிரி. ஈரத்துணி வாளியைக் கவிழ்த்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் மேஜையில் வைத்தாள்.

"கண்ணாடி போட ஆரம்பிச்சிட்டீங்களா மாப்பிள்ளை?"

அவர் வெகுநேரம் கூட்டையே பார்த்தார். "அவகிட்ட சொல்லாதீங்க அத்தை."

"யாருக்கு இது?"

"ரயில்வே கேட் பக்கம் ஒருத்தன் இருக்கான். எங்க படைப்பிரிவுதான். அவனுக்கு இது வேணும், எழுதிக் குடுக்க ஆளில்ல. நான் இதைக் குடுத்தா அவன் வேற குடுக்கறான்."

"வேறன்னா? பழையதா?"

அவர் கூட்டை மூடித் தள்ளிவைத்தார்.

"இந்த மாத்திரை கேக்கலன்னா டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? அந்தப் பொண்ணு நல்ல மாதிரிதானே பேசுது?"

"சொன்னா நேர்ல வரச் சொல்வாங்க அத்தை. அந்த பஸ்ல... முதுகு மட்டுமில்ல. உங்களுக்கு எப்படிச் சொல்றது? பின்னால உட்கார்ந்து, ரோட்டையும் பார்க்க முடியாம, யாரோ ஓட்டறதுல போறது. என்னால முடியாது." கையெடுத்துக் கும்பிட்டார். "இதோட விட்டுடறேன். உங்க பொண்ணு மேல சத்தியம்."

மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டாள். நம்பினாளா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. நம்புவதற்கு ஆசைப்பட்டாள். அடுத்த மூன்று புதன்கிழமைகளும் குனிந்து பார்த்து, "இருக்குங்க டாக்டர்" என்றாள். அது பொய்யும் இல்லை. நாக்குக்கு அடியில் அது இருக்கத்தான் இருந்தது. பத்து நிமிஷம் கழித்து இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

நாலாவது வாரம் திங்கட்கிழமை மதியம் கடைக்குப் போய்த் திரும்பியபோது வீட்டுக்குள் புகை மண்டிக்கிடந்தது. அடுப்பில் பால் பாத்திரம் கரிக்கட்டையாகியிருந்தது. பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை, தாடை நெஞ்சில் படிய, கையில் கரண்டியோடு தூங்கிக்கொண்டிருந்தார். சட்டைக் கையின் ஓரம் பொசுங்கியிருந்தது. அடுப்பை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, அவரைப் பிடித்து உலுக்கினாள்.

"ரெண்டு நிமிஷம் கண்ணசந்துட்டேன் அத்தை" என்றார் குழறிக்கொண்டே. அவர் கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. சட்டையைக் கழற்றி வாங்கி, பொசுங்கிய இடத்தைக் கத்தரித்து மடித்துத் தைத்தாள். மகளிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை டாக்டர் கேட்டார், "பார்த்தீங்களாம்மா? இருக்கா?"

"இப்ப இருக்குங்க டாக்டர். பத்து நிமிஷம் கழிச்சு இருக்காது."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்த பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. திரையில் டாக்டரின் சிரிப்பு மெதுவாக அணைந்தது.

"சார், அம்மா சொல்றது நிஜமா?"

"அவங்களுக்கு வயசாயிடுச்சு டாக்டர்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை எழுந்து போனார். டாக்டருக்குக் காலி நாற்காலி தெரிந்தது. கண்டக்டரம்மா அதில் உட்கார்ந்து, கண்ணாடிக் கூட்டிலிருந்து பால் பாத்திரம்வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். "சொன்னதுக்கு நன்றிம்மா. ஆனா இப்படித் தெரிஞ்சப்புறம் திரையில பார்த்து மருந்து எழுத எனக்கு அனுமதி இல்ல. வாரா வாரம் நேர்ல வரணும். அடுத்த புதன் வரைக்கும் எழுதறேன்."

"அவரால அவ்வளவு தூரம் உட்கார முடியாதுங்களே."

"தெரியும்மா. அதனாலதானே இப்படிப் பார்க்க ஆரம்பிச்சோம்."

"இங்க பக்கத்துல யாராவது?"

"உங்க பக்கத்துல இந்த மருந்து எழுதறவர் ஒருத்தர் இருந்தார். போன வருஷம் மாறிப் போயிட்டார். அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரல."

சாயங்காலம் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கேட்டுமுடித்தாள். "கண்ணாடிக் கூட்டைப் பார்த்த அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கணும்மா. இல்ல, கடைசிவரைக்கும் சொல்லாம இருந்திருக்கணும். நடுவுல நின்னு ரெண்டையும் கெடுத்துட்ட." சொல்லிவிட்டு அம்மாவின் தோளிலேயே சாய்ந்துகொண்டாள்.

அடுத்த புதன்கிழமை மகளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மாமியாரும் மாப்பிள்ளையும் காலை ஆறு மணி பஸ் ஏறினார்கள். எந்த இருக்கையில் குலுக்கல் குறைவு என்பது கண்டக்டரம்மாவுக்கு அத்துப்படி. இரண்டு சக்கரத்துக்கும் நடுவே இடம்பிடித்து, தலையணையை அவர் இடுப்புக்கு அண்டக்கொடுத்தாள். முதல் ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழரை வாக்கில் சாலை வேலை நடக்கும் இடம் வந்தது. ஜல்லி பரப்பிய ஒற்றைப் பாதையில் முன்னும் பின்னும் லாரிகள் ஊர்ந்தன. ஜன்னலெல்லாம் புழுதி. மாப்பிள்ளையின் சட்டை முதுகு தொப்பலாக நனைந்திருந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. முன்னால் போகும் வண்டிகளை எண்ணுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"மாப்பிள்ளை, என் முகத்தைப் பாருங்க. வெளிய பார்க்காதீங்க."

"நிறுத்தச் சொல்லுங்க அத்தை."

"இன்னும் கொஞ்ச தூரம்தான், இந்த ஜல்லி தாண்டிட்டா..."

"நிறுத்தச் சொல்லுங்க!" பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் ஆட்களைத் தள்ளிக்கொண்டு கதவுக்குப் போய்விட்டார். கண்டக்டர் கத்தினான். "நானும் இந்த வேலை பார்த்தவதான்ப்பா. அவர் குதிச்சிடுவார், நிறுத்து" என்றாள் அவள்.

ஒரு டயர் கடை முன்னால் இறங்கினார்கள். மாப்பிள்ளை வாந்தியெடுத்துவிட்டு, பழைய டயர் ஒன்றின்மேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்டக்டரம்மா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையோரமாக நடந்தாள். ஆஸ்பத்திரி நம்பர் பாட்டுப் பாடியது, காத்திருக்கச் சொன்னது, கட்டாயிற்று. ஏழாவது முறை டாக்டரே கிடைத்தார். நல்லவேளையாக முகமும் தெரிந்தது.

"டாக்டர், பாதி தூரம் வந்துட்டோம். இதுக்கு மேல முடியல. இங்கேயே பார்த்துடுங்களேன், இதோ காட்டறேன்..." போனை மாப்பிள்ளை பக்கம் திருப்பினாள்.

"அம்மா, கேளுங்க. அடுத்த பஸ்..." டாக்டரின் முகம் வாய் திறந்தபடி அப்படியே நின்றுபோயிற்று. குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. "...ஆறு மணி வரைக்கும் இருக்கேன்... எப்படியாவது... நேர்ல..."

அடுத்த பஸ் ஒன்றரைக்கு வந்தது. அவர் ஏறவில்லை. எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார்கள். வழி முழுக்கப் படிக்கட்டருகே நின்றுகொண்டு வந்தார். இறங்கும்போது, கோபமில்லாமல், நேரம் சொல்கிற மாதிரி சொன்னார்: "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம் அத்தை."

டாக்டர் மேலதிகாரியிடம் பேசி இன்னும் ஒரு வாரத்துக்கு மருந்து அனுப்பினார். அந்த வாரம் மகள் விடுப்பெடுத்து, கூட வேலை செய்கிறவளின் காரில், முன் இருக்கையில் உட்காரவைத்து அழைத்துப் போனாள். போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சோதனையில் தெரிய வேண்டியது தெரிந்தது. டாக்டர் திட்டவில்லை, ஒரு வார மருந்து கொடுத்தார், அடுத்த புதன் மறுபடி வரச் சொன்னார். கூடவே, எதற்கும் இருக்கட்டும் என்று, மூச்சு அடங்கிப்போனால் மூக்கில் அடிக்கிற மருந்து இரண்டை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். அடுத்த புதன்கிழமை விடுப்பும் இல்லை, காரும் இல்லை. மருந்து தீர்ந்தது. டாக்டர் மூன்று முறை போன் செய்தார். மாப்பிள்ளை எடுக்கவில்லை. கண்டக்டரம்மா எடுத்தாள், எடுத்து என்ன செய்ய?

மருந்து தீர்ந்த ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணி. குளியலறையில் குழாய்ச் சத்தம் கேட்கவில்லை.

"மாப்பிள்ளை." கதவைத் தட்டினாள். "மாப்பிள்ளை, டீ ஆறுது."

உள்ளே குறட்டை மாதிரி ஒரு சத்தம். ஆனால் குறட்டை இல்லை. ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுவந்து தாழ்ப்பாளைப் பெயர்த்தாள். அவர் சுவரோடு சரிந்து கிடந்தார். உதடு மை பூசின மாதிரி இருந்தது. அலமாரிக்கு ஓடி அந்தப் பையை எடுத்துவந்தாள். அதிலிருந்த காகிதத்தைத் தினமும் ஒருமுறை படித்து வைத்திருந்தவள்தான்; இப்போது கை ஒரு உறையைக்கூடக் கிழிக்க மறுத்தது. பல்லால் கிழித்தாள். ஒரு மூக்குத் துளையில் அடித்தாள். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டு, அதைத் தரையில் வைத்துவிட்டுக் கத்தினாள். காகிதத்தில் போட்டிருந்தபடி அவர் வாயில் வாய் வைத்து ஊதினாள். இரண்டு நிமிஷம் எண்ணினாள். மாற்றமில்லை. மறு துளையில் இரண்டாவதை அடித்தாள்.

"டேய், மூச்சு விடுடா! விட்டுத் தொலைடா! அவ சாயங்காலம் வருவாடா, அவளுக்கு நான் என்னடா பதில் சொல்றது!" கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள்.

நெஞ்சு ஒருதரம் பெரிதாக எழும்பி இறங்கியது. பிறகு இன்னொருதரம். ஆம்புலன்ஸ்காரர்கள் வரும்போது கண்ணைத் திறந்துவிட்டிருந்தார். கன்னத்தில் அவள் விரல்கள் பதிந்திருந்தன.

"இப்படித் திரும்பிப் படுங்க மாப்பிள்ளை" என்றாள்.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து, மறுநாள் படுக்கவைத்தே படைவீரர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் போக முடியாத தூரத்தை அவர் அரைத்தூக்கத்திலேயே கடந்துவிட்டார். அங்கேதான் கண்டக்டரம்மா அந்த டாக்டரை முதன்முறையாக முழுசாகப் பார்த்தாள். அவள் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தார். அத்தனை மாதம் பேசியும் இது தெரியவில்லையே என்றிருந்தது அவளுக்கு.

"நான் சொன்னது தப்பா டாக்டர்?"

டாக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இல்லம்மா. உங்க இடத்துல நானும் சொல்லியிருப்பேன்."

"அப்ப நீங்க செஞ்சது?"

"வேற வழி இருக்கான்னு நானும் தினமும் யோசிக்கறேன்" என்றார்.

இருபத்தொரு நாள் உள்ளேயே வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறிவிட்டார். சுயநினைவோடு இருக்கிற பெரிய ஆளைப் பிடித்துவைக்க முடியாதாம். வீட்டுக்கும் வரவில்லை. அந்த நகரத்திலேயே யாரோ பழைய தோழனோடு தங்கியிருப்பதாக, யார் யாருடைய போனிலிருந்தோ மகளைக் கூப்பிட்டுச் சொல்வார். எங்கே என்று சொல்ல மாட்டார். உயிரோடிருக்கிறார் என்பது மட்டும் வாரம் ஒருமுறை தெரியும். "எந்தப் புதன்கிழமையானாலும் வந்து வரிசையில நின்னா போதும்மா. எதுவும் கேக்காம மருந்து குடுப்பேன்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆகவே கண்டக்டரம்மா போக ஆரம்பித்தாள். ஓய்வுபெற்றவர்களுக்கான பாஸ் இருந்தது. ஆறு மணிக்கு ஏறினால் பத்துக்குத் தாழ்வாரம். பெஞ்சின் ஓரத்தில், கண்ணாடிக் கதவைப் பார்த்த மாதிரி உட்காருவாள். மடியில் ரொட்டிப் பொட்டலமும், மாப்பிள்ளையின் கம்பளிச் சட்டையும். ராணுவத்தில் சமையற்காரராக இருந்த ஒருவரை அங்கே எல்லோரும் கேப்டன் என்று கூப்பிட்டார்கள். அவர்தான் அவளுக்கு முதலில் டீ வாங்கிக்கொடுத்தார். மாப்பிள்ளையை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நல்ல ஓட்டுநர்மா. இங்க வரும்போதெல்லாம் எங்களைச் சிரிக்க வைப்பார். திரையில பார்த்துக்கலாம்னு போனவர்தான், அப்புறம் ஆளையே காணோம்."

"உங்களுக்கு நேர்ல வர்றதுதான் நல்லாயிருக்கா?"

"நான் இதோ, ரெண்டு தெரு தள்ளி இருக்கேன்மா. எனக்கென்ன" என்றார் கேப்டன்.

ஆறு புதன்கிழமை போனாள். கதவு திறக்கும்போதெல்லாம் முதுகு நிமிரும். நாலு மணிக்குக் கடைசி பஸ். ரொட்டியைக் கேப்டனிடம் கொடுத்துவிட்டு, கம்பளிச் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புவாள்.

ஆறாவது புதன் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மகள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, நிமிராமலே சொன்னாள்.

"அவர் பேசினார்மா."

"எங்க இருக்காராம்?"

"ரெண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தாராம். கண்ணாடிக் கதவு வழியா உன்னைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டாராம்." கத்தி பலகைமேல் அப்படியே இருந்தது. "அத்தை அங்க உட்கார்ந்திருந்தா நான் எப்படி உள்ள போவேன்னு கேக்கறார்."

"சரி" என்றாள் கண்டக்டரம்மா. "நான் போகல." அந்தப் பலகையை இழுத்து மீதிக் காயை நறுக்கத் தொடங்கினாள். துண்டுகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக விழுந்தன.

அடுத்த புதன்கிழமை காலை ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து குளித்தாள். போக இடமில்லை. வீட்டையே இரண்டுமுறை பெருக்கினாள். கேப்டனுக்குப் போன் நம்பர் கொடுத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த புதனும் அப்படியே. மூன்றாவது புதன் மதியம் போன் அடித்தது.

"வந்துட்டார்மா!" கேப்டன் குரலை அடக்கிக்கொண்டு கத்தினார். "வரிசையில நின்னார், உள்ள போனார், மருந்து வாங்கிட்டுப் போனார்."

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "ஆளு எப்படி இருக்கார்?"

"இளைச்சிருக்கார். இருமல் இருக்கு."

"என்னைப் பத்தி ஏதாவது...?"

"இல்லம்மா. ஒண்ணும் கேக்கல."

"அடுத்த வாரமும் வருவாரா?"

"அதை யார்மா சொல்ல முடியும்?"

மகளுக்கு உடனே போன் போட்டாள். தொழிற்சாலை இரைச்சலில் மகள் மூன்றுமுறை திருப்பிக் கேட்டாள், "வந்தாரா? நிஜமா வந்தாரா?" பிறகு இரைச்சல் மட்டும் கேட்டது, நடுவில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம். அன்று இரவு இரண்டு பேரும் பல நாளைக்குப் பிறகு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதற்கடுத்த புதன்கிழமை கண்டக்டரம்மா காலையிலிருந்து போனை மடியிலேயே வைத்திருந்தாள். ஐந்து மணிவரை அடிக்கவில்லை. மகள் வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள். வியாழக்கிழமை காலை பொறுக்க முடியாமல் அவளே கேப்டனைக் கூப்பிட்டாள். வெகுநேரம் மணியடித்த பிறகு எடுத்தார். குரல் கம்மியிருந்தது.

"நேத்து நான் போகலம்மா. காய்ச்சல், படுத்துட்டேன். யார் வந்தா, யார் வரலன்னு தெரியல. ஆஸ்பத்திரில கேட்டாலும் சொல்ல மாட்டாங்க."

"பரவாயில்ல, பரவாயில்ல" என்றாள் கண்டக்டரம்மா. "நீங்க உடம்பைப் பார்த்துக்குங்க. சூடா ஏதாவது வெச்சுக் குடுக்க ஆள் இருக்காங்களா?"

"நான் சமையல்காரன்மா" என்று சொல்லிச் சிரிக்கப்போன கேப்டனுக்கு இருமல் வந்துவிட்டது. அது அடங்கும்வரை அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.